‘பார்ட்ஸ் வரல்ல அண்ணே…’ சர்வீஸுக்குக் கொடுத்த கட்டிங் மெஷினை மீட்பது எப்படி?

குழித்துறை பாலத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால், ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதுதான் என் மாமாவின் பட்டறை. கதவு, ஜன்னல், கட்டில் என்று ஆசாரி வேலை. போன வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் 7,000 ரூபாய் கொடுத்து 7 இஞ்ச் மரக் கட்டர் வாங்கினார். ஐந்தாவது மாசம், பலாப் பலகை ஒன்றை அறுத்துக்கொண்டிருக்கும்போது குப்பென்று புகை. மெஷின் நின்றுவிட்டது.

வாரன்டி இருக்கே என்று நிம்மதியாக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார். வாங்கி வைத்துக்கொண்டு, “அடுத்த வாரம் வாங்க” என்றார்கள். போனார். “பார்ட்ஸ் வரல்ல அண்ணே.” மறுபடி போனார். “கம்பெனியிலிருந்து இன்னும் அப்ரூவல் வரல்ல.” நாலாவது தடவை போனபோது கதையே மாறிவிட்டது. “வோல்டேஜ் பிரச்சினையில காயில் கருகியிருக்கு. இதுக்கு வாரன்டி கிடையாது. 3,400 ரூபாய் ஆகும்.”

இதற்கிடையில் எடுத்த வேலையை முடித்துக் கொடுக்கணுமே! ஒரு நாளைக்கு 300 ரூபாய் வாடகைக்கு வேறொரு கட்டர் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் செலவு தனி, போய் வரும் நாளின் கூலி தனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், “மக்களே, நீ எப்பவும் போனைத்தானே நோண்டிட்டு இருக்க. இதுக்கு அதுல எதாவது பண்ண முடியுமா பாரு” என்றார்.

பண்ண முடியும். ஆனால், முதல் நாளே என்னிடம் வந்திருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

காயில் எப்படிக் கருகும்?

சர்வீஸ் ஆள் ‘காயில் போச்சு’ என்றால் தலையாட்டிவிட்டு வரக் கூடாது. எந்தக் காயில் என்று கேட்கணும். அதற்கு மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கரன்ட் வயர் வைத்த கட்டர், கிரைண்டர், டிரில் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். நடுவில் சுற்றுவது ஆர்மேச்சர். அதைச் சுற்றி அசையாமல் இருப்பது ஃபீல்டு காயில். சுற்றுகிற ஆர்மேச்சருக்குக் கரன்டைக் கொடுப்பது இரண்டு சின்ன கார்பன் துண்டுகள். கார்பன் தேய்ந்துபோனால் மெஷின் விட்டுவிட்டு ஓடும், தீப்பொறி அதிகமாகப் பறக்கும். அது மாற்றக்கூடிய பொருள், விலையும் குறைவு. ஆனால் தேய்ந்த கார்பனோடு விடாமல் ஓட்டினால், தீப்பொறி ஆர்மேச்சரின் செம்புப் பட்டைகளையே அரித்துவிடும். நூறு ரூபாய் விஷயம் ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான்.

கார்பன், பிளேடு, டிரில்லின் சக் போன்ற தேய்மானப் பொருள்களைப் பெரும்பாலான கம்பெனிகள் வாரன்டியில் சேர்ப்பதில்லை. அதில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் எரிந்தால்தான் தகராறு. பொதுவாக, சுற்று முழுக்க ஒரே மாதிரி கறுத்திருந்தால் அதிக லோடு, அல்லது வோல்டேஜ் கோளாறு என்பார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எரிந்திருந்தால், சுற்றும்போதே கம்பியில் குறை இருந்திருக்கலாம். இது தயாரிப்புக் குறைபாட்டை நோக்கிக் கை காட்டும் அடையாளம். அதனால்தான், மெஷினைத் திறந்த நிலையில் உங்கள் கண்ணால் பார்ப்பதும் போட்டோ எடுப்பதும் முக்கியம்.

வோல்டேஜ் என்பது முழுக்கச் சாக்கு என்றும் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் வீட்டு பிளக்கிலிருந்து தோட்டத்து மூலை வரைக்கும் எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்போம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 50 மீட்டர் நீளம் என்று வையுங்கள். போக, வர 100 மீட்டர். தடை சுமார் 1.7 ஓம். 1,400 வாட் கட்டர் 6 ஆம்பியர் இழுக்கும். வயரிலேயே 10 வோல்ட் காணாமல்போகும். சாயங்காலம் ஏற்கெனவே 200 வோல்ட்தான் வருகிறது என்றால், மெஷினுக்குக் கிடைப்பது 190. வேகம் குறையும். வேகம் குறைந்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் அழுத்துவோம். அழுத்த அழுத்தக் கரன்ட் கூடும், சூடு ஏறும். உள்ளே குளிரவைக்கும் ஃபேனும் அதே தண்டில்தான் சுற்றுகிறது. அதன் வேகமும் சேர்ந்து குறையும். அப்புறம் புகைதான்.

மாமாவின் பட்டறையில் பிளக் பாயின்ட் கட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எக்ஸ்டென்ஷனே கிடையாது. ஆனால் அதைச் சொல்ல அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை, அவர் எழுதிக் கொடுக்கவும் இல்லை.

கவுன்டரில் அந்த ஐந்து நிமிஷம்

மாமாவிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் பேனாவால் ‘கட்டர் 1, வெள்ளி’ என்று எழுதியிருந்தது. தேதி இல்லை, சீரியல் நம்பர் இல்லை, என்ன கோளாறு என்றுகூட இல்லை. மெஷினைக் கொடுத்ததற்கே அவரிடம் ஒழுங்கான ஆதாரம் இல்லை என்பதுதான் நிலைமை.

சர்வீஸ் சென்டரில் மெஷினைக் கொடுக்கும்போது ஜாப் கார்டு கட்டாயம் கேளுங்கள். மாடல், சீரியல் நம்பர், கொடுத்த தேதி, நீங்கள் சொன்ன கோளாறு, ‘வாரன்டியில் உள்ளது’ என்ற குறிப்பு… இவை அதில் இருக்க வேண்டும். பிரின்ட் இல்லை என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். அதற்கும் மசியவில்லையா? கவுன்டரில் மெஷினை வைத்து ஒரு போட்டோ, சீரியல் நம்பர் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்து, “இன்று இந்த மெஷினை உங்களிடம் வாரன்டி சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறேன்” என்று அவர்கள் நம்பருக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். இரண்டு நீல டிக் விழுந்தால் அதுவும் ஓர் ஆதாரம்தான். பில்லையும் வாரன்டி கார்டையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்; நகல் போதும். கடை பில்லின் மை ஆறு மாசத்தில் வெளிறிப்போகும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வாரன்டி இல்லை என்று சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். “சார், நீங்க சொன்னதையே ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க, நான் கம்பெனிகிட்ட பேசிக்கிறேன்” என்று சாதாரணமாகக் கேட்டாலே போதும். வாயால் ‘வோல்டேஜ்’ என்று சொல்வது சுலபம். எதை வைத்து அப்படி முடிவு செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவ்வளவு சுலபமில்லை. எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு ஆதாரம், மறுத்தால் மெஷினையே இன்னொரு தடவை பார்க்க வாய்ப்பிருக்கிறது.

மறக்கக் கூடாத இன்னொரு விஷயம்: வாரன்டி இருக்கும் வரைக்கும், ஊரில் காயில் கட்டுகிற அண்ணனிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். அவர் கம்பெனிக்காரரைவிட நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் ஸ்க்ரூவைத் தொட்ட அடையாளம் தெரிந்தால், அத்தோடு கதை முடிந்தது. வாரன்டி முடிந்த மறுநாளிலிருந்து அவரிடமே கொடுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன்.

“தொழிலுக்கு வாங்கினா நீங்க நுகர்வோரே இல்லை”

மாமாவின் சார்பில் நான் போன் செய்தபோது எனக்குக் கிடைத்த பதில் இது. “வீட்டு உபயோகத்துக்கு வாங்கியிருந்தா பரவாயில்ல. நீங்க கமர்ஷியலா யூஸ் பண்றீங்க. கன்ஸ்யூமர் கோர்ட் எல்லாம் போக முடியாது.” மிரட்டல் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். பாதி உண்மை என்பதால் நானும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. அது சரி. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் ‘வணிக நோக்கம்’ ஆகாது என்றும் இருக்கிறது. போனில் பேசியவர் விட்டுவிட்டது இந்தப் பாதியை.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது 1995-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் என்ற மகாராஷ்டிர நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு லேத் வகை மெஷின் வாங்கியது. தாமதமாக வந்தது, குறைகள் இருந்தன என்று வழக்குப் போட்டது. அவ்வளவு பெரிய மெஷினை வாங்கியது வணிக நோக்கத்துக்குத்தான் என்று சொல்லி, நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்துவிட்டது. வழக்குப் போட்டவர் தோற்றார். ஆனால் எங்கே கோடு போடுவது என்று விளக்க நீதிபதிகள் கொடுத்த உதாரணங்கள்தான் இன்றைக்கும் நம்மைப் போன்றவர்களுக்குக் கை கொடுக்கின்றன. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர். தானே இயக்கிப் பிழைக்க லேத்தோ, வேறு மெஷினோ வாங்கியவரும் நுகர்வோர். துணைக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது.

மாமாவும், எடுபிடிக்கு வரும் ஒரு பையனும். இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்?

2018-ல் இன்னொரு தீர்ப்பு. பாரமவுன்ட் டிஜிட்டல் கலர் லேப் என்ற பெயரில் போட்டோ பிரின்ட் போட்டுப் பிழைக்க மெஷின் வாங்கியவர்களை, வணிக நோக்கம் என்று சொல்லித் தேசிய ஆணையம் திருப்பி அனுப்பியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர்கள் நுகர்வோர்தான் என்றது.

எனவே, புகார் எழுதும்போது “இந்த மெஷினை நானே இயக்கி, சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துகிறேன்” என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில கம்பெனிகள் வீட்டு உபயோகத்துக்கு ஒரு வரிசை, தொழிலுக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக விற்கின்றன. பாஷ் மெஷின்களில் பச்சை நிறம் வீட்டுக்கு, நீலம் தொழிலுக்கு. விலை குறைவு என்று வீட்டு உபயோக மெஷினை வாங்கிப் பட்டறையில் தினமும் ஓட்டினால், வாரன்டி கார்டின் சின்ன எழுத்தில் அதற்கு வாரன்டி இல்லை என்று இருக்கலாம். ஆன்லைனில் ஆஃபரில் வாங்குகிறவர்கள் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். வாங்கும் முன் அந்த ஒரு பத்தியைப் படித்துவிடுங்கள்.

வாங்கியது கேரளாவில், வசிப்பது தமிழ்நாட்டில்

குழித்துறைக்காரர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இது. நமக்கு நாகர்கோவில் சுமார் 30 கிலோமீட்டர், திருவனந்தபுரம் சுமார் 40. களியக்காவிளை தாண்டினால் கேரளா. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா இந்தப் பக்கம் வந்துவிட்டாலும், டூல்ஸ், டைல்ஸ், கல்யாணப் பட்டு எல்லாவற்றுக்கும் பாதிப் பேர் இன்னும் அந்தப் பக்கம்தான் பஸ் ஏறுகிறோம்.

பழைய 1986 சட்டத்தில், எதிர்த்தரப்புக்குக் கடையோ கிளையோ இருக்கும் ஊரில், அல்லது பிரச்சினை எழுந்த ஊரில்தான் புகார் கொடுக்க முடியும். 7,000 ரூபாய் மெஷினுக்காகத் திருவனந்தபுரத்துக்கு வாய்தா வாய்தாவாக யார் அலைவது? 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இதை மாற்றிவிட்டது. பிரிவு 34-ன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ, வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நமக்கு அது நாகர்கோவில். மெஷினைக் கேரளாவில் வாங்கியிருந்தாலும் சரி, டெல்லி விற்பனையாளரிடம் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும் சரி.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இன்னொரு பிடி உண்டு. 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி, அந்தத் தளத்துக்குக் குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று அவர் பதில் அனுப்ப வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சாட்பாட்டோடு மணிக்கணக்கில் பேசுவதைவிட, தளத்தின் அடியில் போய் அந்த அதிகாரியின் மெயில் முகவரியைத் தேடி எழுதுவது மேல்.

மெயில் ஒன்று, கால் ஒன்று

சர்வீஸ் சென்டர் பல இடங்களில் கம்பெனியின் சொந்த அலுவலகம் கிடையாது. ஒப்பந்தத்தில் நடத்துகிற தனி ஆள்தான். அவரோடு கத்திக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. கம்பெனியின் தலைமை கஸ்டமர் கேருக்கு எழுதுங்கள். நான் மாமாவுக்காக அனுப்பிய மெயில் இவ்வளவுதான்:

“நான் குழித்துறையில் வசிக்கும் மரத்தொழிலாளி. உங்கள் மெஷினை இந்தத் தேதியில் வாங்கினேன். மாடல், சீரியல் நம்பர், பில் நகல் இணைத்துள்ளேன். இதை நானே இயக்கிப் பிழைப்பு நடத்துகிறேன். இந்தத் தேதியில் வாரன்டி சர்வீஸுக்குக் கொடுத்தேன். 4 வாரங்களாகச் சரிசெய்து தரவில்லை. வோல்டேஜ் காரணமாக வாரன்டி இல்லை என்று வாய்மொழியாக மட்டும் சொல்கிறார்கள். பட்டறையில் எக்ஸ்டென்ஷன் வயர் பயன்படுத்துவதில்லை, போட்டோ இணைத்துள்ளேன். ஆர்மேச்சர், ஃபீல்டு காயில் போட்டோக்களோடு காரணத்தை எழுத்தில் தரவும், அல்லது 10 நாள்களுக்குள் இலவசமாகச் சரிசெய்து தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்.”

திட்டு இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. தேதியும் நம்பரும் மட்டும்.

பத்து நாளில் பதில் வராததால் 1915-க்குப் போன் செய்தோம். மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி மையம் அது. தமிழிலும் பேசலாம். 8800001915 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் பதியலாம். ஒரு டாக்கெட் நம்பர் கொடுப்பார்கள். இவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் போய்ச் சேருவது கவுன்டரில் இருக்கும் ஆளிடம் இல்லை, கம்பெனிக்குள் இதற்கென்றே இருப்பவர்களிடம். மாமா விஷயத்தில் காற்று திசை மாறியது இதற்குப் பிறகுதான்.

அதற்கும் மசியவில்லை என்றால்…

மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே தாக்கல் செய்யலாம், வீடியோ விசாரணையும் கேட்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, கூடவே நஷ்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம். வாடகை மெஷினுக்கு மாமா கொடுத்த 300, 300 ரூபாய்களைக் கேட்க வேண்டிய இடம் இதுதான். அதற்கு வாடகை ரசீது வேண்டும். ஜிபே ஸ்கிரீன்ஷாட் இருந்தாலும் காட்டலாம்.

சட்டப்படி 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும். பொருளை லேபில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதம். நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதை மறைத்துப் பேச விரும்பவில்லை. லேப் சோதனை என்று வந்தால், திறக்காத மெஷின்தான் உங்கள் சாட்சி. காயில் கட்டுகிற அண்ணனிடம் இப்போதைக்குப் போகாதீர்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

காசு கொடுத்துச் செய்த ரிப்பேர் பத்து நாளில் மறுபடி போய்விட்டாலும் இதே கதவு திறந்துதான் இருக்கிறது. வாரன்டி முடிந்த மெஷின் என்றாலும், ரிப்பேருக்கு வாங்கிய காசுக்கு ஒழுங்கான வேலை செய்யாதது சேவைக் குறைபாடுதான். அதனால் ரிப்பேர் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள், பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்குங்கள்.

பார்ட்ஸ் கிடைக்காதது என்பதே ஒரு தனிப் பஞ்சாயத்து. 2022 டிசம்பர் 24-ல் மத்திய அரசு ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்கு என்று ஒரு தளம் திறந்தது. செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம், விவசாயக் கருவி என்று நான்கு துறைகளின் கம்பெனிகள் மேனுவல், பார்ட்ஸ், சர்வீஸ் விவரங்களை அதில் போட வேண்டும் என்பது திட்டம். ஆசாரியின் கட்டரும் டைல்ஸ்காரரின் கிரைண்டரும் அந்த நான்கில் தனியாக இடம்பெறவில்லை. இத்தனை பேர் பிழைக்கும் சாமான்களுக்கு ஐந்தாவதாக ஒரு வரிசை போட்டிருக்கலாம்.

மாமாவின் கட்டர் ஒன்பதாவது வாரம் திரும்பி வந்தது. புது ஆர்மேச்சர், காசு வாங்கவில்லை. பழைய ஆர்மேச்சரையும் கேட்டு வாங்கி வந்தோம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் எரிந்திருந்தது. பட்டறையில் ஆணியில் தொங்குகிறது. வாடகைக்குப் போன பணத்துக்கு வழக்குப் போடலாம் மாமா, இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் டைம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். “ஓணத்துக்கு மின்ன இந்த ரெண்டு கதவை முடிச்சிட்டு யோசிப்போம் மக்களே” என்றிருக்கிறார்.